இடது காதில் மல்லிகை

கெலிபியா துறைமுகத்துத் தேநீர்க் கடையில் வெயில் சாய்கிறது. புதினா மிதக்கும் குவளைகள் தேன் நிறத்தில் மின்னுகின்றன. எழுபதைத் தாண்டிய சாதொக் மல்லிகைச் செண்டை விரல்களுக்கிடையில் உருட்டுகிறார். புல்காம்புகளில் செருகிச் சிவப்பு நூல் சுற்றிய மொட்டுகள். ஒன்றும் இன்னும் விரியவில்லை. மனைவி இருந்தவரை வலது காதில் வைத்தார், அவள் போன பிறகும் அங்கேதான். இன்று கை இடது பக்கம் போகிறது. எதிரே சீட்டு கலைத்துக்கொண்டிருக்கும் நண்பர் ஹம்தா அப்படியே நிறுத்துகிறார்.

"யோவ், அது பொண்ணு தேடுற பயலுக வைக்கிற காதுய்யா! மாத்தி வை, ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். தெரிஞ்சுதான் வச்சேன்."

கரையில் கட்டிய படகுகள் ஒன்றையொன்று மெல்ல உரசுகின்றன. மீன் கூடையோடு வருகிறாள் அடுத்த தெரு சல்ஹா, கணவனை இழந்தவள், தலையை மூடிய வெள்ளைப் போர்வையின் ஓரத்தைப் பல்லில் கடித்து முகத்தை மறைத்தபடி. தினமும் "என்னண்ணே, சுகமா?" என்று நிற்காமலே கேட்டுவிட்டுப் போகிறவள். இன்று நிற்கிறாள். அவள் பார்வை அவருடைய இடது காதில் தங்குகிறது. பல்லிலிருந்து போர்வை நழுவுகிறது. அவள் அதை எடுத்து மூடவில்லை.

"மொட்டாவே இருக்கே. எப்ப விரியும்?"

"இருட்டுறதுக்குள்ள விரிஞ்சிடும்."

சல்ஹா கூடையைக் கீழே வைக்கிறாள். "சரி, இருந்து பாத்துட்டே போறேன்," என்கிறாள், அண்ணே என்று சேர்க்காமல்.