அம்மாவுக்குக் காரம் ஆகாது

"எனக்கு மிளகாய் ரெண்டு பங்கு. இந்தம்மாவுக்கு மிளகாயைக் கண்ணுலகூடக் காட்டிடாதீங்க!"

அப்பா சொன்னது கடை முழுக்கக் கேட்டது. பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஊரிலிருந்து மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் அப்பாவுக்கு இந்தப் பழைய கடைதான். பெரிய கிண்ணத்தில் சோறு, மேலே கோழி. கேட்கிறவர்களுக்கு மட்டும் சோற்றுக்கு அடியில் மிளகாய் விழுது வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாக் கிண்ணமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"நான் லிஃப்ட் பழுது பார்க்கிற கட்டிடத்துல எல்லாம் மேல்மாடியில புதுப்புது ஓட்டல் வந்திருக்குப்பா. ஒரு நாளாவது வாங்களேன்" என்றான் மகன்.

"அங்கெல்லாம் தட்டு பெருசா இருக்கும், சோத்தைத்தான் தேடணும். எனக்குக் காரம் வேணும்டா. இந்தப் பச்சத்தண்ணியைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து வீட்டுல வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"கட்டின வாய்தான் இந்தப் பேச்சுப் பேசுதா?" என்றாள் அம்மா.

கிண்ணங்கள் வந்தன. உடனே அப்பா எழுந்தார். "வாடா, கை கழுவிட்டு வரலாம்." சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் அவருக்கு அந்த நினைப்பே வரும். திரும்பி வந்து முதல் வாயிலேயே "ஸ்ஸ்! இதுதான்டா சாப்பாடு!" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மா தலை நிமிராமல் தன் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு, மகன் அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டான். வந்தவள் சாப்பிடவில்லை. இரண்டு வாய் வைப்பாள், தட்டை நகர்த்திவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எடை இப்படியே இறங்கினால் படுத்துவிடுவார்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்காகத்தான் அத்தை, ஒரு மிளகாய்கூடக் கிள்ளிப் போடலை" என்று மருமகள் கெஞ்சினாள்.

"தெரியுதும்மா" என்றாள் அம்மா.

ஒரு வேளையாவது அம்மாவை வயிறாரச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று மகன் கங்கணம் கட்டிக்கொண்டான். தனக்குத் தெரிந்த கட்டிடம் ஒன்றையும் விடவில்லை. கண்ணாடிச் சுவர் போட்ட ஓட்டல், மெழுகுவத்தி ஏற்றி வைத்த ஓட்டல், மொட்டைமாடி ஓட்டல் என்று ஏறி இறங்கினான். போகிற இடமெல்லாம் "அம்மாவுக்குக் காரம் அறவே ஆகாது" என்று முதலிலேயே சொல்லிவைத்தான்.

"எப்படிம்மா இருக்கு?"

"லிஃப்ட் நல்லா ஏறுதுடா" என்றாள் அம்மா.

"அந்தப் பழைய கடைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"அப்பா உக்காந்த இடத்தைப் பார்த்தா அழுவாங்க."

"அழட்டும். அழுதுட்டுச் சாப்பிட்டாலும் சரி."

மறுநாளே அம்மாவும் மகனும் மட்டும் போனார்கள். அம்மா அழவில்லை. அப்பா சொல்வது போலவே மகன் சொன்னான். தனக்கு மிளகாய் ரெண்டு பங்கு, அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாம். கிண்ணங்கள் வந்தன. அம்மா ஒரு வாய் வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மகனுக்கு ஆற்றாமை பொங்கியது. "இன்னைக்கு நான் விடப்போறதில்லம்மா. லீவு போட்டுட்டு வந்திருக்கேன். கிண்ணம் காலியாகிற வரைக்கும் இந்த இடத்தைவிட்டு எந்திரிக்க மாட்டேன்."

"நான் சாப்பிடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அம்மா கையை நீட்டி அவன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, சிவக்கச் சிவக்க அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா! அது காரம்!"

அவன் தண்ணீரை நீட்டினான். அவள் கையாலேயே தள்ளிவிட்டாள். மூக்கு சிவந்தது, நெற்றி வேர்த்தது. கை மட்டும் நிற்கவில்லை. கிண்ணத்தின் அடி தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உனக்குத்தான் காரமே ஆகாதேம்மா!"

"ஆகாதது உங்கப்பாவுக்குடா. கல்யாணமான புதுசுலேயே அவருக்கு வயித்துல புண்ணு. காரத்துக்குப் பந்தயம் கட்டற அண்ணன் தம்பிங்க நடுவுல அதைச் சொல்ல அவருக்கு வெக்கம். அதான் எனக்கு ஆகாதுன்னு நான் சொல்லிட்டேன். வீட்டுல ரெண்டு பேருக்கும் பத்தியம். வெளியில வந்தா, அவர் உன்னைக் கை கழுவக் கூட்டிட்டுப் போற நேரத்துல கிண்ணத்தை மாத்தி வெச்சுடுவேன்."

அவன் அவசரமாகப் போனை எடுத்தான். "இப்பவே அவகிட்டச் சொல்றேன். ராத்திரியே காரசாரமா..."

அம்மா அந்தப் போனைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"மூச்சு விடக் கூடாது. உங்க சித்தப்பன் காதுக்குப் போச்சுன்னா, போன மனுஷனை வெச்சுச் சிரிப்பான். வாரம் ஒரு தடவை என்னை இங்கே கூட்டிட்டு வா, போதும். மத்தபடி, எனக்குக் காரம் ஆகாது."