பங்கிட்ட தண்டனை

சாத்தூர்க்காரர்கள் அறுநூறு பேர் மின்காசு என்னும் கணினிவழிப் பங்கை ஆளுக்கொன்று வாங்கி, அந்தப் பணத்தில் உரிமமின்றி ஒரு டயாலிசிஸ் மையத்தை நடத்தினார்கள். அக்குற்றத்துக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்த நீதிமன்றம், புதிய சட்டப்படி அதனைக் காசு வைத்திருந்தோர் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டது. பூரணத்தாய்க்கு வந்தது மூன்று நாள்.

அழைத்துச் செல்ல வந்த ஏட்டு தங்கப்பாண்டி வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, காச அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டா தண்டனை ரத்து. காசு வச்சிருக்கவுக பாதிக்கு மேல சம்மதிச்சாத்தான் மையத்த மூட முடியும்; பாதிக்கு மேல காசு அரசாங்கத்துக்கிட்ட வந்துட்டா அதுவே மூடிரும். பிரச்சினை முடிஞ்சிரும்."

"யாருக்கு முடியும், எங்க வீட்டுக்காரருக்கா?"

வாரம் இருமுறை அந்த இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிக்காவிட்டால் அவள் கணவரின் உயிர் தங்காது. உரிமம் பெற்ற மருத்துவமனையிலோ ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

"இதுவரைக்கும் எத்தன பேரு ஒப்படைச்சிருக்காக?"

"ஒருத்தரும் இல்ல" என்றார் ஏட்டு, தரையைப் பார்த்தபடி.

பூரணத்தாய் இரண்டு சேலைகளை மடித்துத் துணிப்பையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள விட்டுருங்க ஏட்டையா. அன்னைக்கு மெஷின் ஓட்டுறது என் முறை."

"மறுபடி ஓட்டுனா மறுபடியும் மூணு நாள் உள்ள இருக்கணும் யக்கா."

"வாரத்துக்கு ஏழு நாளு ஏட்டையா. மிச்சம் நாலு நாள் எங்களுக்குப் போதும்."