நன்னாரிப் பாகு

அஸ்தம்பட்டி ஹோட்டல் பாரில் கலையரசன் புதிதாகக் கலந்த ஜின் காக்டெயிலுக்கு ஏகப்பட்ட கிராக்கி. எலுமிச்சையும் சோடாவும் பழையபடிதான். சர்க்கரைப் பாகுக்குப் பதிலாக நன்னாரிப் பாகு ஊற்றினான். அதைக் காய்ச்சித் தருவது சங்ககிரியில் இருக்கும் அவன் அம்மா குஞ்சம்மாள்.

ஹோட்டலின் ஆண்டு விழாவுக்கு அவளையும் கூப்பிட வேண்டும் என்றார் முதலாளி.

"வேண்டாங்க, அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்று கலையரசன் கெஞ்சிப் பார்த்தான். அவர் கேட்காமல் காரே அனுப்பிவிட்டார்.

மேடையில் குஞ்சம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தி, "நம்ம ஜின்னுக்கு இத்தனை பேர் வர்றதுக்கு இந்தம்மாதாங்க காரணம்!" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. பூரிப்போடு இறங்கி வந்தவள் மகனிடம் கேட்டாள்.

"ஜின்னுன்னா என்ன சாமி?"

கலையரசன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தான். பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "சாராயந்தானுங்கம்மா. கொஞ்சம் ஒசத்தி."

அவள் முகம் செத்துப்போனது. பொன்னாடையைக் கழற்றி மகனிடம் நீட்டினாள்.

"சர்பத்துக்குன்னுதானே கேட்டே? உங்கொப்பனக் குடிதான கொண்டுபோச்சு. அந்த மனுசங்கிட்ட டம்ளரைப் புடுங்கி வீசுன கையி சாமி இது. இந்தக் கையவே சாராயத்துக்குப் பாகு காய்ச்ச வெச்சுட்டியே!"