நவமணியின் புதுச் சப்பாத்து

அடுத்த ஞாயிறன்று ஈராவ் மலை ஏறுவதற்குச் சப்பாத்து வாங்க, தோட்டத்துச் சிவசாமியும் தங்கை நவமணியும் ரிங்லெட்டில் உள்ள என் கடைக்கு வந்தார்கள்.

"நீ வர வேணாம்லா. பாதியிலேயே உக்காந்து அழுவ," என்றான் சிவசாமி.

"உச்சியத் தொட்டுட்டுத்தான் திரும்புவேன்."

அவர்கள் முன்னாலேயே புதுப் பெட்டியைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். சப்பாத்து நனைந்திருந்தது. அடியில் மலையுச்சியின் பச்சைப் பாசி. உள்ளிருந்து ஓர் அட்டைப்பூச்சி நிதானமாக இறங்கிப் போனது.

"பழசா, மொதலாளி? வெலையக் கொறைங்க," என்றான் சிவசாமி.

"பாசிக்குக் காசு கேக்கலையே, தம்பி!"

அவனுடைய புதுப் பெட்டியையும் பிரித்தேன். அந்தச் சப்பாத்தில் பாசி இல்லை. மலையடிவாரத் தோட்டத்துச் செம்மண் மட்டும் ஒட்டியிருந்தது.

நவமணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அண்ணே, ஞாயித்துக்கெழம நீ அடிவாரத்தோட திரும்பிட்டியா?"