தளர்த்தச் சொன்ன பிடி

மாலை வெயில் ஜன்னல் வழியாக மல்யுத்தப் பயிற்சி மெத்தைமேல் நீளமாக விழுகிறது. முதலாமாண்டு மாணவன் தாழ்ந்து பாய்ந்து, எதிராளியின் ஒற்றைக் காலை இரு கைகளாலும் பூட்டிக்கொள்கிறான். எதிராளி துள்ளிப் பார்க்கிறான். கால் அசைந்து கொடுக்கவில்லை. ஓரத்தில் நிற்கும் கோச்சுக்கு வயிறு எரிகிறது. நாட்டுக்காக மல்யுத்தம் செய்த காலத்தில், இறுதிப் போட்டியில் அவர் நழுவவிட்ட அதே பிடி. இந்தப் பொடியனுக்கு ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது. அதில் எள்ளளவும் குறையில்லை. “என்னடா பிடி இது? கையைக் கொஞ்சம் தளர்த்து!” என்று கத்துகிறார். “சரி சார்!” என்று அவன் தளர்த்துகிறான். எதிராளி காலை உருவிக்கொண்டு அவனைப் புரட்டிப் போடுகிறான். மல்லாந்து கிடந்தபடியே, மூச்சு வாங்க, அவன் கோச்சின் முகத்தைப் பார்க்கிறான். “இப்ப சரியா சார்?” முதுகுக்குப் பின்னால் கோச்சின் கைகள் ஒன்றையொன்று இறுகப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன.