குறையாத பாட்டில்

"உள்ள போய் முக்கால் மணி நேரமாச்சு. குளிக்கிறாளா, குடும்பம் நடத்துறாளா?"

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மாமியார் கேட்டாள். மகனுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"விடும்மா" என்றான் மகன், சோபாவில் சாய்ந்தபடியே. "நாள் பூரா ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்து, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சிரிச்சுக் காட்டணும். லாவண்டர் எண்ணெய் விட்டுக் குளிச்சா டென்ஷன் குறையுமாம். குளிச்சுட்டுப் போறா."

"நானும் பதினேழு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்த்தவதான். என் டென்ஷனுக்கு யாருடா எண்ணெய் வாங்கிக் குடுத்தது?"

மகனுக்குப் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. லாரி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் அம்மாவிடம் எவ்வளவுதான் வாதாடுவான்?

உள்ளே மருமகள் மூன்றாவது தடவையாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ரிசப்ஷனில் உட்காரவில்லை. விண்ணப்பம் போட்டது அதற்குத்தான். காலியாக இருந்தது பிணவறை. வந்து சேரும் உடல்களைக் கழுவித் துணி சுற்றிக் கொடுப்பது வேலை. புருஷனுக்குத் தெரிந்தால் மறுநாளே லாரிச் சாவியைத் தேடுவான். தையல் போட்ட நெஞ்சோடு லாரி ஏறிவிடுவான்.

பிணவறை மருந்து வாடை சோப்புக்கெல்லாம் மசியாது. நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத்தான் லாவண்டர். வெறும் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும் என்று பத்துச் சொட்டை ஷாம்பூவில் கலக்கி டப்பில் ஊற்றுவாள். வாடை போகிறவரை ஊறுவாள்.

அவளுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த எண்ணெய் பாட்டில் குறையவே மாட்டேன் என்கிறது.

கட்டைவிரல் உயரப் பாட்டில். இருபது நாள் வந்தாலே பெரிய விஷயம். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தாள். மறுநாள் எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. குறையாமல் இருந்தாலாவது கண்ணில் கோளாறு என்று சொல்லலாம். ஏறினால் என்னவென்று சொல்வது? யாராவது தண்ணீர் கலக்கிறார்களோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் தங்கவில்லை. வாசனையும் அசல் வாசனைதான்.

"ஏங்க, பாத்ரூம் ஷெல்ஃப்ல எதையாவது தொட்டீங்களா?"

"என் ஷேவிங் செட்டைத் தவிர எதையும் தொடலையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் எப்படி? களைப்பில் எண்ணெய் விடாமலே விட்டதாக நினைத்துக்கொள்கிறேனா? அப்படியென்றால் மருந்து வாடை வீடு முழுக்க வந்திருக்குமே. யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

மாமியாரைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. லாவண்டர் என்று சொன்னாலே எண்ணெயில் போட்ட கடுகாகப் பொரிகிறவள் ஆயிற்றே.

அடுத்த நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. புருஷன் செக்கப்புக்குப் போயிருந்தான். நேராகக் குளியலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பெரிய பாட்டிலிலிருந்து சின்னப் பாட்டிலுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தாள் மாமியார்.

"அத்தை... நீங்களா?"

மாமியார் திடுக்கிடவில்லை. "போன வாரம் கை நடுங்கிக் கொஞ்சம் அதிகமா ஊத்திட்டேன். நீ கோடு வேற போட்டு வச்சிருந்த."

"என் வேலை... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீ செருப்பைக் கழட்டும்போதே மூக்குல ஏறிடுச்சு."

"எப்படி அத்தை?"

மாமியார் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கையெல்லாம் தோல் வெளுத்துக் காய்த்திருந்தது.

"எங்க காலத்துல லாவண்டருக்கு எங்க போறது? இந்த வாடை போக சலவை சோடா போட்டுத்தான் தேய்ப்பேன். படிக்கிற புள்ள மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு அவன்கிட்ட சலவைக்கூடம்னு சொல்லி வச்சேன். இன்னி வரைக்கும் நம்பிட்டிருக்கான்."

மருமகள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் குழப்பம் மட்டும் தீரவில்லை.

"அப்புறம் ஏன் அத்தை தினமும் அப்படித் திட்டுறீங்க?"

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் பெரிய பாட்டிலை அவசரமாகப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் சும்மா இருந்தா, இவ ஏன் இவ்வளவு நேரம் தேய்ச்சுக் குளிக்கிறான்னு அவன் யோசிக்க ஆரம்பிச்சுடுவான். நான் திட்டினா, உனக்குப் பரிஞ்சு பேசவே அவனுக்கு நேரம் சரியா இருக்கும். போ, உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போடு. நான் கத்தணும்."