கழற்றாத மாலை

"பாத்தியளே தங்கச்சி, மனுசன் இன்னும் மாலையைக் கழட்டேல்லை" என்றார் குலசேகரம், தட்டிலிருந்த நூடில்ஸைக் கிளறிக்கொண்டே.

ஜெகதீஸ்வரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியேறியிருந்த பிளேஸ்டோவில், சீன முதியோர் சங்க மண்டபத்தில் அன்று சீனப் புதுவருடம். சேவல் வருடம் பிறந்திருந்தது. சுவர், மேசை, கூரை என்று எங்கும் சிவப்பு. சங்கத் தலைவர் லாம் கூடச் சிவப்புப் பட்டுச் சட்டையில்தான் நின்றார். போன மாதம் இருதய ஒப்பரேசன் செய்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்து எழும்பி வந்தவர். அதனால் கொண்டாட்டம் இரண்டு மடங்கு.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் சார்பில் வந்தவர்கள் குலசேகரமும் ஜெகதீஸ்வரியும். அவர் தலைவர், அவள் தலைமை ஆசிரியை. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் நடக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். இந்த மண்டபம் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடவேண்டியதுதான். கேட்டபோது, புதுவருடத்துக்கு வாருங்கள், பேசுவோம் என்றிருந்தார் லாம்.

வெறுங்கையோடு போகலாமா? வெள்ளைச் செவ்வந்தி வாங்கி, ஜெகதீஸ்வரியே இருந்து மாலை கட்டினாள். அம்மனுக்குக் கட்டுவதுபோல நெருக்கமாக, வாடின பூ ஒன்றுகூட இல்லாமல். சிவப்புச் சட்டைக்கு வெள்ளை எடுப்பாக இருக்கும் என்பது குலசேகரத்தின் யோசனை.

சாப்பாட்டுக்கு முன், சிங்க நடனம் முடிந்த கையோடு குலசேகரம் மேடையேறி லாமின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. மேளக்காரரின் கை நின்றுவிட்டது. முன்வரிசைக் கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லாமின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் எழும்பிப் போய்விட்டாள். லாம் சிரித்தபடியே தன் ஆட்களைப் பார்த்துச் சீன மொழியில் ஏதோ சொன்னார். பிறகுதான் கைதட்டல் வந்தது, அதுவும் அரைமனதாக.

ஜெகதீஸ்வரிக்கு அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ? கேட்காமல் மேடையில் ஏறியது பிழையோ? மண்டபம் கைவிட்டுப் போய்விட்டதோ?

குலசேகரத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருக்கு மாலைதான் கண்ணில் குத்தியது.

"எங்கட ஆக்கள் எண்டால் போட்ட உடனை கழட்டிக் கையில வைச்சிடுவினம். அதுதானே மரியாதை. இவர் என்னெண்டால் மாலையோட சாப்பிடுறார், மாலையோட படம் எடுக்கிறார். வாழ்க்கையில மாலையே காணாத ஆள் போல."

பொய்யில்லை. லாம் குனிந்து சூப் குடித்தபோது இதழ்கள் கிண்ணத்துக்குள் விழுந்தன. ஒதுக்கிவிட்டுக் குடித்தார். ஒருமுறை மருமகள் வந்து மாலையில் கைவைத்தாள். அவள் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

"கண்டியளே, குடுக்கவும் மனமில்லை" என்றார் குலசேகரம்.

மண்டபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவோமே என்றாள் அவள். அவர் அசையவில்லை. மாலையோடு நிற்கிறவரிடம் போய்க் கேட்டால், கேட்பதற்காகத்தான் மாலை போட்டதுபோல இருக்குமாம். கழற்றி வைக்கட்டும், பிறகு நாகரிகமாகக் கேட்கலாமாம்.

கேட்பதற்காகத்தான் போட்டது என்பதை ஜெகதீஸ்வரி அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

விருந்து முடிந்தது. வந்தவர்கள் போய், கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். லாம் களைத்துப்போய் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர்கள் பக்கம் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டிச் சிரித்தார். மாலை மட்டும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

இருப்புக்கொள்ளாமல் ஜெகதீஸ்வரி நாலைந்து கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே லாமின் மனைவி ஒரு மூலையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள்.

நாங்கள் ஏதும் பிழை செய்துவிட்டோமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஜெகதீஸ்வரி. மருமகள் அவசரமாக இல்லை என்றாள். ஜெகதீஸ்வரி விடவில்லை.

கடைசியில் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெள்ளைச் செவ்வந்தி அவர்களிடம் செத்தவீட்டுப் பூ. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அதுவும் புதுவருடத்தில், அதுவும் செத்துப் பிழைத்து வந்த மனிதருக்கு.

ஜெகதீஸ்வரி கையிலிருந்த கோப்பைகளைக் கீழே வைத்தாள். பூப்பூவாகப் பார்த்து அதைக் கட்டியது அவளுடைய கைதான்.

"அவர்கள் அன்பாகப் போட்டது, அவர்களின் முகம் வாடக்கூடாது, ஒருவரும் வாய் திறக்க வேண்டாம் என்று மாமா மேடையிலேயே சொல்லிவிட்டார்" என்றாள் மருமகள்.

பிறகு ஏப்ரன் பையிலிருந்து மண்டபச் சாவியை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். காலையிலேயே இவர்களுக்கென்று எடுத்து வைத்ததாம். மாமா தன் கையால் கொடுக்கத்தான் இருந்தாராம்.

"கழுத்தில் இந்தப் பூவோடு சாவி கொடுத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று என்னிடம் தந்துவிட்டார்."

ஜெகதீஸ்வரி சாவியை வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். குலசேகரம் இன்னும் கால்மேல் கால் போட்டபடி இருந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ. வெளிக்கிடுவம்."

"பொறுங்கோ தங்கச்சி. மனுசன் முதல்ல மாலையைக் கழட்டட்டும்."

"நாங்கள் போனால்தான் அண்ணை அவர் கழட்டுவார்."